நடுப்பக்கத்தில் நுழையும் பிள்ளை

(திருத்தணியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்த வரலாற்றை இந்த ஊர் மேடையில் நின்று நான் சொல்லவேண்டியதில்லை. மங்கலங்கிழார் இந்தப் பகுதியில் தமிழ் கற்பித்ததையும், ம.பொ.சி. தலைமையில் நடந்த எல்லைப் போராட்டத்தையும், சிறை சென்றவர்களையும் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்தப் போராட்டம் எப்படி முடிவுக்கு வந்தது என்பதை மட்டும் நினைவுபடுத்துகிறேன். எல்லையை வகுக்க வந்த படாஸ்கர் கிராமத்தை அலகாக எடுத்துக்கொண்டார். எந்தக் கிராமத்தில் எந்த மொழி பேசுவோர் எத்தனை பேர் என்று மக்கள்தொகைக் கணக்கின் அட்டவணையைப் பார்த்தார். அந்தக் கிராமங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றனவா என்று வரைபடத்தைப் பார்த்தார். 1959-இல் சட்டம் வந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதி சென்னை மாநிலத்துக்கு வந்தது. திருவள்ளூர், பொன்னேரி வட்டங்களின் சில பகுதிகள் ஆந்திரத்துக்குப் போயின.

மக்களைத் திரட்டியவை மேடைப் பேச்சும் ஊர்வலமும். கோடு கிழித்தவை ஒரு அட்டவணையும் ஒரு வரைபடமும். இப்படி ஓர் அனுபவம் உள்ள ஊரில், ஏழு எட்டு வயதுப் பிள்ளைக்கு அட்டவணையையும் வரைபடத்தையும் படத்தின் கீழுள்ள சிறு எழுத்தையும் படிக்கக் கற்றுக்கொடுப்பது பற்றிப் பேச வந்திருக்கிறேன். தகவல் நூல் என்று ஒரு வகை இருக்கிறது, அதற்கென்று சில உறுப்புகள் இருக்கின்றன, அவற்றைச் சின்ன வயதிலேயே பிள்ளைகள் அடையாளம் காணவேண்டும் என்பதுதான் தலைப்பு. நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். இந்த உறுப்புகளைப் பெயர் சொல்லிக் கற்பிக்க முடியாது. பிள்ளையின் கையில் ஒரு கேள்வி இருக்கும்போது மட்டுமே அவை அதன் கண்ணில் படும்.

கதைப் புத்தகத்தைப் பிள்ளைகளுக்கு நாம் நன்றாகவே கற்றுக்கொடுத்திருக்கிறோம். பாட்டி சொன்ன கதையின் ஒழுங்கே அச்சிலும் இருக்கிறது. 'ஒரு ஊரில்' என்று தொடங்கி, நடுவில் ஒரு சிக்கல் வந்து, கடைசியில் அவிழும். முதல் பக்கத்தில் ஏறிக் கடைசிப் பக்கத்தில் இறங்கவேண்டும். இதே பழக்கத்தோடு ஒரு பிள்ளை பறவைகளைப் பற்றிய நூலை எடுத்தால் என்ன ஆகும்? முதல் பக்கத்தில் முன்னுரை. இரண்டாம் பக்கத்தில் பறவை இனங்களின் வகைப்பாடு. மூன்றாம் பக்கத்தில் பிள்ளை நூலை மூடிவிடும். அது பார்க்க விரும்பிய ஆந்தை 23-ஆம் பக்கத்தில் காத்துக்கொண்டிருக்கிறது. நேரே அங்கே போகலாம் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. நடுப்பக்கத்தில் நுழைவது தப்பு என்றே பல பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கின்றன.

இவ்வளவுக்கும் இப்படிப் படிப்பது நம் வீடுகளுக்குப் புதிதே இல்லை. அடுத்த கிருத்திகை என்றைக்கு என்று பார்க்கப் பஞ்சாங்கத்தை முதல் பக்கத்திலிருந்து யாரும் படிப்பதில்லை. மாதத்தைப் புரட்டி, தேதியில் விரல் வைத்து, அந்த வரியிலேயே நட்சத்திரத்துக்கு விரலை நகர்த்துகிறோம். அரக்கோணம் போகும் ரயில் எத்தனை மணிக்கு என்று நிலையத்துப் பலகையில் பார்க்கும்போதும் இதையேதான் செய்கிறோம். எழுத்தே தெரியாத பாட்டிகூட, பஸ் முகப்பில் எழுதியிருக்கும் இடப்பெயரின் வடிவத்தை வைத்துத் திருப்பதி பஸ்ஸையும் சென்னை பஸ்ஸையும் பிரித்துவிடுவார். தேடிப் படிக்கும் திறமை ஊரில் நிறையவே இருக்கிறது. பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டியதும் அதை வெளியே விட்டுவிடுகிறோம்.

இந்தக் குறை நமக்கு மட்டும் உரியதல்ல. நெல் டியூக் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் 20 முதல் வகுப்பு அறைகளைக் கவனித்து 2000-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். தகவல் எழுத்தோடு வகுப்பில் செலவான நேரம் ஒரு நாளைக்குச் சராசரியாக 3.6 நிமிடம். சின்னப் பிள்ளைகளுக்குக் கதைதான் ஏறும், தகவல் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் அங்கும் இருந்தது. அதற்கு முன்பே, 1993-இல், கிறிஸ்டீன் பாப்பஸ் மழலையர் வகுப்புப் பிள்ளைகளிடம் கதை நூலையும் தகவல் நூலையும் வாசித்துக் காட்டி, பிறகு அவர்களையே 'படிப்பது போல' சொல்லச் செய்து பார்த்திருந்தார். எழுத்துத் தெரியாத அந்தப் பிள்ளைகள் தகவல் நூலை அதற்குரிய நடையிலேயே திருப்பிச் சொன்னார்கள். கதைக்கு ஒரு குரல், தகவலுக்கு ஒரு குரல் என்ற வேறுபாடு ஐந்து வயதுக் காதுக்கே பிடிபடுகிறது. பாப்பஸின் முடிவை நான் முழுக்க நம்புகிறேன். அங்கன்வாடியில் பிள்ளைகள் 'டீச்சர் விளையாட்டு' ஆடும்போது பாருங்கள். கதை சொல்லும் டீச்சருக்கும் பாடம் நடத்தும் டீச்சருக்கும் குரல் மாறும்.

எனவே முதல் வேலை இரண்டு புத்தகங்களை அருகருகே வைப்பது. திருத்தணியில் அதற்கு மயிலை விடப் பொருத்தமான ஒன்று கிடைக்காது. ஒரு பக்கம் கந்தபுராணக் கதைப் படநூல்: சூரபதுமன் மாமரமாகி, பிளந்து, மயிலும் சேவலும் ஆன கதை. இன்னொரு பக்கம் மயிலைப் பற்றிய தகவல் நூல். இரண்டையும் பாயில் விரித்து வைத்துவிட்டு ஆசிரியர் பேசாமல் இருந்தால் போதும். முதலில் படத்தைப் பற்றிப் பேச்சு வரும். 'இது வரைஞ்சது, அது போட்டோ.' அடுத்து எழுத்தைப் பற்றி வரும். 'இதுல பெயர் எல்லாம் அம்புக்குறி போட்டு எழுதியிருக்கு.' பிறகு யாராவது ஒரு பிள்ளை, 'இந்தப் புத்தகத்தில் மயில் பேசவே இல்லை' என்று சொல்லும். புனைவுக்கும் தகவலுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் துல்லியமாக நானும் சொல்லிவிட முடியாது. பிள்ளைகள் சொல்லும் ஒவ்வொன்றையும் கரும்பலகையில் அவர்கள் சொன்னபடியே எழுதவேண்டும். நம் கலைச்சொற்களை அப்போது அவசரப்பட்டு நுழைக்கக் கூடாது.

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும், அதற்கு ஆசிரியர் தயாராக இருக்கவேண்டும். 'எந்தப் புத்தகம் உண்மை டீச்சர்?' கதையைக் கீழிறக்கித் தகவலை உயர்த்தினால் பிள்ளையின் வீட்டை நாம் கீழிறக்குகிறோம். 'இரண்டும் உண்மைதான் கண்ணு' என்று மழுப்பினால் தகவல் நூலின் வேலை என்ன என்பது பிள்ளைக்குத் தெரியாமலே போகும். மயில் எப்படி முருகனிடம் வந்தது என்று கேட்டால் இந்தப் புத்தகத்துக்குப் போகலாம், மயில் ஒரு தடவை எத்தனை முட்டை இடும் என்று கேட்டால் அந்தப் புத்தகத்துக்குப் போகலாம் என்று கேள்வியைப் பிரித்துக் கொடுப்பதே சரி. இதில் இந்த ஊருக்கென்று ஒரு சிறப்பும் உண்டு. இங்குள்ள முருகன் மலைக்கோயிலில், சன்னிதிக்கு எதிரே வழக்கமாக மயில் இருக்கும் இடத்தில் யானை நிற்கிறது. படிப்பதற்கு முன்பே கண்ணால் கண்டு, 'இங்கே மட்டும் ஏன் வேறாக இருக்கிறது?' என்று கேட்கப் பழகிய பிள்ளைகள் இவர்கள். தகவல் நூலுக்குத் தேவையான மூலதனமே அந்தக் கேள்விதான்.

மயில் பக்கத்தில் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கிறேன். பெரும்பாலான பிள்ளைகளும், பெரியவர்களில் பலரும், விரிந்த தோகைதான் மயிலின் வால் என்று நினைக்கிறார்கள். பாகம் குறித்த படத்தைப் பார்த்தால் இந்த எண்ணம் மாறிவிடும். தோகை என்பது வாலின் மேல் மூடியிருக்கும் நீண்ட இறகுகள். உண்மையான வால் அதன் பின்னால் குட்டையாக நின்று தோகையைத் தாங்குகிறது. கட்டுரைப் பத்தியில் இதைச் சொல்ல நாலு வரி வேண்டும். படத்தில் இரண்டு அம்புக்குறி போதும். ஒரு சிறுமி இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, நூலைத் திருப்பி மயிலின் பின்பக்கப் போட்டோவைத் தேடிப் போனதைப் பார்த்தேன். அம்புக்குறி சொன்னது உண்மையா என்று அவள் சரிபார்க்கப் போனாள். ஒரு பக்கத்தின் செய்தியை இன்னொரு பக்கத்தின் படத்தோடு ஒப்பிடுவதை ஆராய்ச்சி மாணவர்களுக்கே சிரமப்பட்டுச் சொல்லித்தருகிறோம். அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது, அவ்வளவுதான்.

'படம் வரைந்து பாகங்களைக் குறி' என்ற வரி நம் எல்லோருக்கும் தேர்வு நாளை ஞாபகப்படுத்தும். அந்த வரியைத் தேர்விலிருந்து மீட்டுக்கொண்டு வந்தால் அதற்குள் பெரிய புதையல் இருக்கிறது. பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கத்து நெசவு வீட்டுப் பிள்ளைகளிடம் தறியை வரைந்து பாகம் குறிக்கச் சொல்லுங்கள். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை பாவு, ஊடை, நாடா, அச்சு, விழுது என்று ஒவ்வொன்றுக்கும் கோடு இழுத்துப் பெயர் எழுதும். எழுத்துப் பிழை இருக்கும், இருக்கட்டும். ஆசிரியருக்கே தெரியாத பெயர் ஒன்றிரண்டு வரும். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்வதற்காக எழுதப்படுவதுதான் தகவல் நூல் என்பது அந்த நேரத்தில் இருவருக்கும் விளங்கிவிடும்.

இதிலேயே மொழிப் பிரச்சினைக்கும் ஒரு வழி இருக்கிறது. திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே. பேட்டை பக்கத்துப் பள்ளிகளில் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்த ஊரில் 1888-இல் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணனும் தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளைதான். தமிழில் நீண்ட கதையைக் கேட்டுப் புரிந்துகொள்ளத் தெலுங்கு வீட்டுப் பிள்ளைக்குக் கொஞ்சம் நாளாகும். பெயரிட்ட படத்துக்கு அந்தத் தாமதம் இல்லை. படம் முன்னாலேயே இருக்கிறது. பெயரை மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பாவுக்குப் பக்கத்தில் 'படுகு' என்றும் ஊடைக்குப் பக்கத்தில் 'பேக' என்றும் அந்தப் பிள்ளை எழுதினால் எழுதட்டும். ஐரோப்பாவில் பிள்ளைகளுக்கென்று அச்சான முதல் படநூலாகப் பலரும் சொல்லும் கொமேனியஸின் நூல் 1658-இல் நியூரம்பர்க்கில் வந்தபோதே இரண்டு மொழியில்தான் வந்தது. படத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண். அந்த எண்ணுக்கு நேரே லத்தீனில் ஒரு வரி, ஜெர்மனில் ஒரு வரி. பாகம் குறித்த படத்தின் மூதாதை இரு மொழிப் பிள்ளைக்காகவே பிறந்திருக்கிறது. எல்லை ஊர்ப் பள்ளிகளில் இது இன்னும் பரவாமல் இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

படக்குறிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளைகள் படத்தைப் பார்ப்பார்கள், பெரிய எழுத்தைப் பார்ப்பார்கள், நடுவிலுள்ள சிறு எழுத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஒரு சின்ன உத்தி இருக்கிறது. படக்குறிப்பின் மேல் ஒரு காகிதத் துண்டை ஒட்டி மறைத்துவிட்டு, படத்தில் என்ன தெரிகிறது என்று கேளுங்கள். எல்லாவற்றையும் சொல்லட்டும். பிறகு துண்டை எடுத்துவிட்டு வாசியுங்கள். எங்கே எடுத்த படம், எத்தனை மடங்கு பெரிதாக்கியது, அந்தப் பூச்சி ஆணா பெண்ணா என்று படத்தில் தெரியாததைத்தான் குறிப்பு சொல்கிறது என்று பிள்ளைகளுக்குப் புரியும். இதைச் செய்யாவிட்டால் விபரீதம் உண்டு. ஒரு பக்கம் முழுக்க எறும்பின் தலையும், அதற்கு எதிர்ப்பக்கத்தில் கையளவு யானையும் இருந்தால், சின்னப் பிள்ளை அளவைக் குழப்பிக்கொள்வது இயல்பு.

இனிப் பொருளடக்கமும், சொற்களை அகர வரிசையில் பக்க எண்ணோடு தரும் சொல்லடைவும். இவைதான் நூலின் இரண்டு வாசல்கள். முன்வாசல் ஒன்று, கொல்லை வாசல் ஒன்று. இவை இரண்டும் மேல்நாட்டிலிருந்து அச்சு இயந்திரத்தோடு இறக்குமதியானவை என்று சிலர் நினைக்கிறார்கள். பாதி உண்மை. நூலுக்குள் நுழையும் முன் வாசகனுக்கு என்ன தெரிந்திருக்கவேண்டும் என்பதை நம் இலக்கண ஆசிரியர்கள் வகுத்தே வைத்திருக்கிறார்கள். செய்தவர் யார், எதன் வழியில் வந்தது, எந்த எல்லைக்குள் வழங்குவது, நூலின் பெயர் என்ன, எப்படிக் கட்டப்பட்டது, எதைப் பற்றிப் பேசுகிறது, யாருக்காக, படித்தால் என்ன பயன் என்ற எட்டையும் பாயிரம் சொல்லவேண்டும் என்று நன்னூல் கேட்கிறது. இன்றைய தலைப்புப் பக்கமும் பின்னட்டைக் குறிப்பும் செய்யும் வேலை இது. தொல்காப்பியம் மூன்று அதிகாரம், அதிகாரத்துக்கு ஒன்பது இயல் என்று தலைப்பும் உள்தலைப்புமாகப் பிரிந்து கிடக்கிறது.

தேடும் வசதி மட்டும் மெல்ல வந்தது. திவாகரம் போன்ற நிகண்டுகள் தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர் என்று பொருள்வாரியாகத் தொகுக்கப்பட்டவை. திண்ணைப் பள்ளியில் அவற்றை மனப்பாடம் செய்த பிள்ளைக்குத் தனியே அடைவு தேவைப்படவில்லை; அடைவு அதன் நினைவிலேயே இருந்தது. எழுத்து வரிசையில் சொற்களை அடுக்கும் முறையை 1594-இல் சிதம்பரம் ரேவண சித்தரின் அகராதி நிகண்டு கொண்டுவந்தது. 1732-இல் வீரமாமுனிவரின் சதுரகராதி அதை விரித்தது. அச்சு வந்த பிறகுதான் எல்லாப் பிரதியிலும் ஒரே செய்தி ஒரே பக்கத்தில் இருக்கும் நிலை வந்தது. பக்க எண் போட்ட அடைவுக்கு அப்போதுதான் அர்த்தம் பிறந்தது. உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்ததிலிருந்து தொடர்ந்து செய்த பணிகளில் பாடலைத் தேடித் தந்ததை எல்லோரும் போற்றுகிறோம். முகவுரை, அரும்பத அகராதி என்று வாசகன் நுழையவும் தேடவும் அவர் கட்டித் தந்த வசதிகளை அதே அளவு போற்றுவதில்லை. யாழ்ப்பாணத்து முத்துத்தம்பிப் பிள்ளையின் அபிதானகோசம் 1902-இலும், சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910-இலும் அகர வரிசைக் கலைக்களஞ்சியங்களாக வந்தன.

அதற்குப் பிறகு வந்தது எனக்கு மிகவும் பிடித்த முயற்சி. நாடு விடுதலை பெற்ற காலத்தில் சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்த தி.சு. அவினாசிலிங்கம் எடுத்துக் கொடுக்க, தமிழ் வளர்ச்சிக் கழகம் கலைக்களஞ்சியம் என்ற பெரும்பணியைத் தொடங்கியது. தலைமைப் பதிப்பாசிரியர் பெரியசாமித் தூரன். 1954 தொடங்கி 1968 வரை பத்துத் தொகுதிகள் வந்தன. அத்தோடு நிறுத்திக்கொள்ள அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. அவர் நிறுத்தவில்லை. அதே 1968-இல் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதியைக் கொண்டுவந்து, 1976-க்குள் அதையும் பத்துத் தொகுதிகளாக முடித்தார். முருகன் மேல் உருகி உருகிக் கீர்த்தனைகள் பாடிய தூரனை இந்த ஊருக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அந்தக் கை, குழந்தைக்குத் தகவல் எழுதும்போது பாட்டின் அலங்காரத்தை ஒதுக்கி வைத்துவிட்டு எளிய சின்ன வாக்கியங்களை எழுதியது. எட்டு வயதுப் பிள்ளைக்கு எழுதுவது கலைக்களஞ்சியம் எழுதும் அறிஞனின் தகுதிக்குக் குறைவு என்று அவர் நினைக்கவில்லை. இந்த இரண்டு கலைக்களஞ்சியங்களும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் இன்று யாருக்கும் கிடைக்கின்றன. செய்திகள் சில பழையவை ஆகிவிட்டன. ஆனால் அகர வரிசையில் ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்கும் இன்பத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட அவற்றைவிட நல்ல பயிற்சிக் களம் தமிழில் எனக்குத் தெரியவில்லை.

அகர வரிசை என்றதும் ஆசிரியர்கள் முகத்தில் தோன்றும் கவலை எனக்குப் புரிகிறது. இன்று எழுத்துகளைப் பலரும் நெடுங்கணக்கு வரிசையில் கற்பிப்பதில்லை. எளிய வடிவமுள்ள எழுத்துகளிலிருந்து தொடங்குகிறோம். படிக்கக் கற்க அது நல்ல வழி. ஆனால் மூன்றாம் வகுப்பில் சொல்லடைவைப் புரட்டும் பிள்ளைக்கு 'ப'வுக்கு முன்னால் 'ந' வருமா 'ம' வருமா என்று தெரிவதில்லை. இதற்கும் வகுப்பறையிலேயே ஒரு கருவி இருக்கிறது: வருகைப் பதிவேடு. பல பள்ளிகளில் அது அகர வரிசையில்தான் இருக்கிறது. பிள்ளைகளின் பெயர்களை அட்டைகளில் எழுதி, கொடியில் துணி கவ்வியால் மாட்டச் சொல்லுங்கள். அனிதா, ஆகாஷ், கவிதா, காயத்ரி, கீர்த்தனா வரை சண்டை வராது. லோகேஷும் வசந்தும் யமுனாவும் வந்ததும் வரும். ஹரிணியையும் ஜெகனையும் எங்கே மாட்டுவது என்று வகுப்பே இரண்டாகும். கிரந்த எழுத்துகளைக் கடைசியில் வைப்பது அகராதி வழக்கம் என்று அப்போது சொன்னால் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள். 'அக்கா' முதலில் வருமா 'அகல்' முதலில் வருமா என்ற நுணுக்கத்தையும் நாலாம் வகுப்பில் விளையாட்டாகவே சொல்லித்தரலாம்; புள்ளி வைத்த எழுத்துக்கு முதலிடம்.

இப்போது, நான் மிகவும் அஞ்சும் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு வகுப்பறையில் 'தகவல் நூலின் கூறுகள்' என்று தலைப்பிட்டு, பொருளடக்கம் என்றால் என்ன, சொல்லடைவு என்றால் என்ன என்று வரையறைகளைக் ஆசிரியர் கரும்பலகையில் எழுதிப்போட, பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். அறையின் ஓரத்தில் நூலக அலமாரி பூட்டியிருந்தது. பிள்ளைகள் யார் கையிலும் ஒரு நூலும் இல்லை. தேர்வில் இரண்டு மதிப்பெண் கிடைக்கும். சொல்லடைவைப் பார்த்தால் அடையாளம் தெரியாது. அலமாரி திறந்திருந்தால் வரையறையே தேவைப்பட்டிருக்காது. வாசகரின் நேரத்தைச் சேமிக்கவேண்டும் என்பதை நூலகவியலின் ஐந்து விதிகளில் ஒன்றாக 1931-இல் எழுதிவைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். 'பாம்புக்குக் காது உண்டா?' என்று கேட்டு வரும் பிள்ளையின் நேரமும் நேரம்தான். பதில் கிடைக்கத் தாமதமானால் அதற்கு அந்தக் கேள்வியே போய்விடும்.

எனவே கேள்வியிலிருந்து தொடங்குங்கள். காலையில் பிள்ளைகள் கேட்கும் ஒரு கேள்வியைப் பலகையில் எழுதுங்கள். மயில் தோகை உதிருமா? எந்த நூலில் இருக்கும் என்று அட்டையைப் பார்த்து ஊகிக்கட்டும். பொருளடக்கத்தில் எந்தத் தலைப்பின் கீழ் இருக்கலாம் என்று சொல்லட்டும்: உணவா, உறைவிடமா, இறகுகளா? பக்கத்தைத் திறந்து, உள்தலைப்பில் விரல் வைத்து, தடித்த எழுத்தில் நின்று, விடையைக் கண்டுபிடிக்கட்டும். உதிரும், இனப்பெருக்க காலம் முடிந்ததும் உதிர்ந்து மறுபடி வளரும் என்று அங்கே இருக்கும். இல்லாமலும் போகலாம். அப்போது 'இந்தப் புத்தகத்தில் இல்லை, அடுத்ததைப் பார்ப்போம்' என்று ஆசிரியர் சாதாரணமாகச் சொல்லவேண்டும். ஒரு நூலில் எல்லாம் இருக்காது என்று ஏழு வயதில் அறிந்தவர் எழுபது வயதிலும் ஏமாறமாட்டார்.

கடைசிப் படி, பிள்ளைகளே நூல் செய்வது. 'எங்கள் மலை' என்று ஒரு நூல். 365 படிகள், சரவணப் பொய்கை, ஆடிக் கிருத்திகைக் காவடி, டிசம்பர் 31 இரவுப் படித் திருவிழா, நந்தி ஆறு என்று ஆளுக்கு ஒரு பக்கம். ஒருவர் வரைபடம் போடுவார். ரயில் நிலையத்திலிருந்து அடிவாரம் வரை தெருக்கள். ஒருவர் காவடியை வரைந்து பாகம் குறிப்பார். ஒருவர் பூ விற்கும் அம்மாவிடம் பேசி, எந்தப் பூ எந்த மாதம் வரும் என்று அட்டவணை போடுவார். பக்கங்கள் எல்லாம் வந்து சேர்ந்து, வரிசை முடிவாகி, எண் போட்ட பிறகுதான் பொருளடக்கம் எழுத முடியும் என்பதைப் பிள்ளைகள் அப்போது கண்டுபிடிப்பார்கள். நூலில் முதலில் இருப்பது கடைசியில் எழுதப்படுகிறது என்பது அவர்களுக்குப் பெரிய வியப்பு. நடுவில் யாராவது ஒரு பக்கத்தைச் சேர்த்தால் எல்லா எண்ணும் மாறும், சொல்லடைவு முழுவதையும் திருத்தவேண்டும். அந்த அலுப்பைப் பட்ட பிள்ளை இனி எந்த நூலைத் திறந்தாலும் பின்பக்கத்தைப் பார்க்காமல் மூடாது.

பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை பிரித்துச் சின்னச் சின்ன நூல்களைப் பள்ளிகளுக்குக் கொடுத்திருக்கிறது. நல்ல முயற்சி. அதில் கதைகளே மிகுதி. அதே படிநிலையில் தகவல் நூல்களும் வரவேண்டும் என்று ஆசிரியர்கள் கேட்கவேண்டும். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் இதழ் 1987 முதல் வந்துகொண்டிருக்கிறது. அதன் பழைய இதழ்களைத் தலைப்புவாரியாகப் பிரித்துத் தைத்து, பிள்ளைகளையே பொருளடக்கம் போடச் சொன்னால் செலவில்லாத தகவல் நூல் ஒன்று கிடைக்கும்.

பதிப்பாளர்களிடம் கேட்க எனக்கு ஒன்று இருக்கிறது. இந்த உரை அச்சில் வரும் என்பதால் இங்கேயே கேட்டுவிடுகிறேன். தமிழில் பிள்ளைகளுக்கு வரும் தகவல் நூல்களில் பெரும்பாலானவற்றில் சொல்லடைவு இல்லை. பிள்ளை தேடக் கற்றுக்கொண்டு வந்தாலும் தேடுவதற்கு நூலில் இடமில்லை. பக்கம் கூடினால் அச்சுப் பாரம் கூடும், விலை கூடும் என்பது உங்கள் பதில். நியாயம்தான். ஆனால் 32 பக்க நூலின் கடைசிப் பக்கத்தில் உங்கள் பிற வெளியீடுகளின் பட்டியல் இருக்கிறது. அதை உள்ளட்டைக்கு மாற்றிவிட்டு அந்தப் பக்கத்தைச் சொல்லடைவுக்குக் கொடுங்கள். நாற்பது ஐம்பது சொற்கள் போதும். பக்க அமைப்பு முடிந்து எண்கள் உறுதியான பிறகு ஒருவர் உட்கார்ந்தால் ஒரு பகலில் முடிகிற வேலை. ஆசிரியரே செய்து தரட்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். எழுத்தாளர்கள் யாராவது மறுத்தால், அந்த நூலை மூன்றாம் வகுப்பு ஒன்றுக்கு அனுப்பிவையுங்கள். பிள்ளைகள் செய்து கொடுப்பார்கள்.